துறைமுக நகரங்களும் அச்சம் எனும் ஆயுதமும்: எம்டன் முதல் நவாலி வரை

தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் உள்ள புன்னைக்காயல், 1553இல் கடல்வழி வந்த படையிடம் வீழ்ந்தது. போர்த்துக்கீசியர் அங்கே கோட்டை கட்டியிருந்தனர். முத்துக்குளிக்கும் பரதவர் அதையொட்டிக் குடியிருந்தனர். கோட்டையைத் தாக்கினால் குடியிருப்பும் தப்பாது. துறைமுக ஊர்களுக்கே உரிய இந்த இக்கட்டு, நெடுந்தொலைவு பாயும் பீரங்கியும் விமானமும் வந்தபின் பன்மடங்காயிற்று. நகரங்களைத் தாக்குவதன் அறம் பற்றிய விவாதமோ, தாக்கப்பட்டது இராணுவ இலக்கா என்ற கேள்வியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அது போதாது. மக்களின் அச்சத்தையே கருவியாக்க எண்ணினார்களா என்றும் கேட்டாக வேண்டும் என்பதே என் வாதம்.

இந்தக் கேள்வியின் தேவையை 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையில் நடந்ததே காட்டுகிறது. ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் துறைமுகத்தை நெருங்கி, தேடொளி விளக்குகளைப் பாய்ச்சி, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மீது ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டுவிட்டு இருளில் மறைந்தது. தொட்டிகள் பற்றி எரிந்தன, உயிரிழந்தவர்கள் சிலரே. 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, எதிரிப் படைக்குப் பயன்படக்கூடிய கிடங்குகளைக் கடலிலிருந்து தாக்க இடமளித்தது. ஆகவே சட்டப்படி இதில் பெரிய குற்றம் காண்பது கடினம். கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லரும் சிறைப்பட்ட மாலுமிகளைக் கண்ணியமாக நடத்தியவர் என்று எதிரிகளாலேயே புகழப்பட்டவர். எனினும் இந்திய மக்களின் கவனத்தை ஈர்ப்பதும், ஆங்கிலேயரின் வணிகத்தைக் குலைத்து மதிப்பைத் தாழ்த்துவதும் தம் நோக்கங்கள் என்று அவரே பின்னர் எழுதினார். தொட்டிகள் எரிந்ததைவிட, எரிவதை நகரம் பார்த்ததே அவருக்கு முக்கியம். ஆயிரக்கணக்கானோர் சென்னையை விட்டு ஓடினார்கள். பிற்காலக் குண்டுவீச்சுக் கொள்கையின் வித்து இந்தக் கண்ணியமான தாக்குதலிலேயே இருந்தது.

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும், மறுநாள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. சென்னையில் அப்போது குண்டு விழவில்லை. ஆனாலும் அரசு அலுவலகங்கள் உள்நாட்டுக்கு மாற்றப்பட்டன. தப்பிவிடுமோ என்றஞ்சி உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. வசதியுள்ளவர்களுக்கு ஓடுவதற்கு ஊர் இருந்தது. அன்றாடம் துறைமுகத்தில் உழைத்தால்தான் சோறு என்றிருந்தவர்கள் எங்கே போவார்கள்? அச்சத்தின் சுமை எல்லார்மீதும் ஒன்றுபோல் விழுவதில்லை.

அச்சம் போரைச் சுருக்கி, முடிவில் உயிர்களைக் காக்கிறது என்பது என் வாதத்துக்கு வலுவான மறுப்பு. ஆனால் 1943 ஜூலையில் குண்டுவீச்சில் ஹாம்பர்க் எரிந்து பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஜெர்மனியின் ஆயுத உற்பத்தியோ 1944ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை உயர்ந்துகொண்டே சென்றது. ஹிரோஷிமாவைச் சான்று காட்டுவோரும், சோவியத் ஒன்றியம் அதே வாரத்தில் போரில் இறங்கியதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒருவேளை அந்தக் கணக்கு சரியாகவே இருந்தாலும், ஒரு நகரத்துக் குழந்தைகளைப் பேரப்பொருளாக்கும் உரிமை எந்தப் படைத்தலைவருக்கும் கிடையாது. போராளிகள் மக்களுக்குள் கலந்திருந்தார்கள் என்பது இன்னொரு மறுப்பு. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலியில், படை நகர்வுக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள் புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அதன் சுற்றிலும் ஒதுங்கியிருந்தார்கள். இலங்கை விமானப்படை வீசிய குண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வழிபாட்டிடங்களில் தங்குமாறு மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது என்ற சாட்சியங்களும் உண்டு. விடுதலைப் புலிகள் மக்களிடையே இயங்கினார்கள் என்பது உண்மையே. ஆனால் ஒரு தரப்பின் பிழை, மறுதரப்பின் கடமையை ரத்து செய்யாது. அடைக்கலம் புகும் இடமும் பாதுகாப்பற்றது என்று ஒரு சமூகம் கற்றுக்கொண்டபின், அந்த அச்சம் போர் முடிந்தும் நீடிக்கிறது.

இந்த அளவுகோலை நமக்கும் பொருத்தியாக வேண்டும். 1971 டிசம்பர் 4 இரவு இந்தியக் கடற்படை கராச்சியின் போர்க்கப்பல்களோடு எண்ணெய்த் தொட்டிகளையும் தாக்கியது. அந்த நாளையே கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். எதிரிக் கப்பல்களுக்கு எரிபொருள் கிடைக்காமல் செய்வது போர்த் தேவை என்று வாதிடலாம், நானும் அதை ஏற்கிறேன். நகரம் எரிவதைக் காட்டி மக்களைப் பணியவைப்பதை ஏற்க முடியாது. 1988இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி, இந்தியாவும் பாகிஸ்தானும் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றை ஒருவருக்கொருவர் தாக்குவதில்லை என்பது ஒப்பந்தம். பகைநாடுகளாலும் எல்லை வகுக்க முடிகிறது. தூத்துக்குடியின் துறைமுகத்தையும் அனல்மின் நிலையத்தையும் ஒட்டி வாழும் மீனவர்களுக்கோ, கராச்சித் துறைமுகத்தருகே வாழும் மீனவர்களுக்கோ அப்படியொரு பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை.