கி-27இலிருந்து கி-43: கெடா வானில் ஒரு சண்டை விமானத்தின் வளர்ச்சி

1941 டிசம்பரில் வடமலாயாவின் மேல் பறந்த ஜப்பானியச் சண்டை விமானம் என்றால் 'ஜீரோ' என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. எதிர்த்துப் பறந்த பிரிட்டிஷ் தரப்பு விமானிகளே பலமுறை அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் ஜீரோ ஜப்பானியக் கடற்படையுடையது. தரைப்படைக்குத் துணைநின்றவை பெரும்பாலும் நக்கஜிமா நிறுவனத்தின் கி-27, அதன் வழிவந்த கி-43 'ஹயபுசா' ஆகிய இரண்டுமே. பழைய விமானத்தின் மீது விமானிகள் வைத்திருந்த பற்றுதான் ஹயபுசாவின் குறைகளுக்கும், மலாயாவில் அதற்குக் கைகொடுத்த பலத்துக்கும் ஒருசேரக் காரணம் என்பது என் வாதம்.

1936 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த கி-27க்குச் சக்கரங்கள் மடங்கா; இருந்தவை இரண்டு 7.7 மி.மீ. துப்பாக்கிகள். ஆனால் நினைத்த மாத்திரத்தில் திரும்பும். 1937 டிசம்பரில் ராணுவம் அடுத்த விமானத்துக்கு மணிக்கு 500 கி.மீ. வேகமும் 800 கி.மீ. வீச்சும் கேட்டது, கூடவே, திரும்பும் திறன் கி-27க்குக் குறையக் கூடாது என்றது. இந்தக் கடைசி நிபந்தனைதான் பின்னால் வந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது. கொயாமா யசுஷியின் குழு உருவாக்கிய முன்மாதிரி 1939 ஜனவரியில் பறந்தது. சக்கரங்கள் உள்ளே மடங்கின, வேகம் கூடியது; ஆனால் ஓட்டிப் பார்த்த விமானிகள் முகம் சுளித்தார்கள். திட்டத்தைக் கைவிடும் பேச்சுகூட எழுந்தது. அதைக் காப்பாற்றியது இறக்கையின் அடியிலிருந்து பின்னோக்கி நீளும் 'வண்ணத்துப்பூச்சி' மடல். திருப்பத்தின் நடுவே விமானி அதை விரித்தால் தூக்குவிசை கூடி, விமானம் சிறிய வட்டத்துக்குள் திரும்பிவிடும். இறக்கைப் பரப்பையும் கூட்டினார்கள். எடையைக் குறைப்பதற்காகக் காப்புத் தகடு தவிர்க்கப்பட்டது. இறக்கையில் துப்பாக்கி இல்லை. அந்த மெல்லிய இறக்கைகளில் விரிசல் விழ, வலுவூட்ட வேண்டியும் வந்தது.

அதே எடைக் குறைவுதான் அதை நெடுந்தூரம் கொண்டுசென்றது. கத்தோ தத்தேயோ தலைமையிலான 64ஆம் படைப்பிரிவின் ஹயபுசாக்கள் ஃபூ குவோக் தீவிலிருந்து கிளம்பி, டிசம்பர் 7ஆம் தேதி படையெடுப்புக் கப்பல்களுக்கு நடுக்கடலில் காவல் பறந்தன. குறுகிய வீச்சுள்ள கி-27ஆல் எளிதில் செய்ய முடியாத வேலை அது. இங்கே ஒரு மறுப்பு எழும்: கெடாவின் அலோர் ஸ்டார் விமானத்தளம் வான்சண்டையில் தோற்ற களமல்லவே? உண்மைதான். டிசம்பர் 8 அன்று தாய்லாந்தின் பட்டாணியைத் தாக்கித் திரும்பிய பிரிட்டிஷ் 62ஆம் பிரிவின் பிளென்ஹெய்ம் குண்டுவீச்சு விமானங்கள் அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தபோது, தரையிலேயே குண்டுவீச்சில் சிதைந்தன. மறுநாள் தளம் காலி செய்யப்பட்டது. கெடாவின் மற்றொரு தளமான சுங்கை பட்டாணியின் கதையும் ஏறக்குறைய இதுவே. எனவே ஹயபுசா கெடாவை நேரடியாக வென்றது என்று நான் சொல்லவில்லை. கப்பல்கள் கரைசேரும்வரை மேலே காவல் இருந்ததும், தாய்லாந்தின் சிங்கோரா விமானத்தளம் விரைவாகக் கைக்கு வந்ததுமே முக்கியம். தளம் எல்லைக்கு அருகில் வந்துவிட்டால் கி-27இன் குட்டை வீச்சு ஒரு குறையே அல்ல. டிசம்பர் 11 முதல் 13 வரை கெடாவின் ஜித்ராவில் போரிட்ட பிரிட்டிஷ் தரப்பினருக்குத் தலைக்குமேல் துணையென்று சொல்லிக்கொள்ள ஏதும் இருக்கவில்லை.

பிரிட்டிஷ் தரப்பு பறந்த பஃபலோ சண்டை விமானமும் அமெரிக்கக் கடற்படை விமானமொன்றிலிருந்து வளர்ந்ததுதானே, அது ஏன் சோர்ந்தது என்று கேட்கலாம். வளர்ச்சி எதிர்த்திசையில் போனதுதான் காரணம். பிரிட்டனுக்காகச் செய்த வகையில் தகடும் கருவிகளும் ஏற ஏற எடை கூடியது. உயரம் ஏறுவது மந்தமானது. வடக்கில் ரேடார் எச்சரிக்கையும் இல்லாததால், மேலேறவே நேரம் கிடைக்காத நிலையில் அந்தத் தகட்டால் என்ன பயன்? ஆனாலும் நக்கஜிமாவின் கணக்கே சரி என்று தீர்ப்பளிக்க முடியாது. 1942 மே 22 அன்று வங்காள விரிகுடாவின் மேல் ஒரு பிளென்ஹெய்மைத் துரத்திய கத்தோவின் ஹயபுசா, அதன் பின்புறத் துப்பாக்கியால் அடிபட்டுத் தீப்பிடித்துக் கடலில் விழுந்தது. விமானிக்குக் காப்புத் தகடும், எரிபொருள் தொட்டிக்கு மேம்பட்ட பாதுகாப்பும் அதற்குப் பிறகு வந்த இரண்டாம் வகையில்தான் சேர்ந்தன.