'உம்' கொட்ட வழிவிட்ட கழித்தல் கணக்கு



"பத்துப் பேர் ஒரே அழைப்பில் பேசினாலும் எதிரொலி வருவதில்லையே, எப்படி சார்?" என்று நம் குழுவில் ஒரு மாணவி கேட்டிருந்தாள். இதன் பின்னால் நல்ல வரலாறு ஒன்று இருக்கிறது.

பழைய தொலைபேசிக்கு வீட்டுக்கு வருவது இரண்டே கம்பி. போகும் குரலும் வரும் குரலும் அதில்தான். தொலைதூரத்துக்கோ வழியில் குரலைப் பெருக்க வேண்டும். பெருக்கி ஒரு திசையில்தான் வேலை செய்யும். ஆகவே போக இரண்டு, வர இரண்டு என நான்கு கம்பிகள். இரண்டும் நான்கும் கூடும் இடத்தில் 'ஹைபிரிட்' என்ற சுருள் இருக்கும். அது எல்லா வீட்டுக் கம்பிக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. அந்த இடத்தில் குரல் கொஞ்சம் கசிந்து பேசியவருக்கே திரும்பும். அதுதான் எதிரொலி.

உள்ளூர் அழைப்பில் அது உடனே திரும்பிவிடுவதால் காதுக்குத் தெரியாது. தூரம் கூடினால் தொல்லை. 1920களில் அமெரிக்காவின் பெல் பொறியாளர்கள் எதிரொலித் தடுப்பானைக் கொண்டுவந்தார்கள். கிளார்க், மேத்ஸ் இருவரும் 1925ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். ஒருவர் பேசினால் எதிர்த்திசையை அது அடைத்துவிடும். எதிரொலி போயிற்று. கூடவே கேட்பவர் கொட்டும் 'உம்'மும் போயிற்று.

'உம்' இல்லாமல் நம்மால் பேச முடியுமா? எண்பதுகளில் அண்ணன் வெளிநாட்டிலிருந்து பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். அம்மா, "கேக்குதாப்பா? கேக்குதா?" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

1965ல் 'ஏர்லி பேர்ட்' செயற்கைக்கோள் ஏறியது. உயரம் சுமார் 36,000 கி.மீ. குரல் ஏறி இறங்கவே கால் விநாடி. எதிரொலி திரும்ப அரை விநாடிக்கு மேல். இத்தனை தாமதத்தில் அடைக்கும் வழி சரிப்படவில்லை. இருவரும் ஒன்றாகத் தொடங்குவார்கள், ஒன்றாக நிறுத்துவார்கள்.

பெல் ஆய்வகத்தில் கெல்லி, லோகன், மன் மோகன் சோந்தி ஆகியோர் வேறு வழி கண்டார்கள். சோந்தி நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். அவரது கட்டுரை 1967ல் வந்தது. அவர்கள் வழி அடைப்பதல்ல, கழிப்பது. வரும் குரல் கருவிக்குத் தெரியும். அது எப்படிக் கசிந்து திரும்பும் என்பதைக் கருவி கேட்டுக் கேட்டுக் கற்று, அதேபோல ஒரு நகல் செய்து, திரும்பும் ஒலியிலிருந்து கழித்துவிடும். மிஞ்சுவது எதிராளியின் குரல் மட்டும். இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். 1980ல் இந்தக் கருவி முழுவதும் ஒரே சில்லுக்குள் அடங்கியது. பிறகுதான் பரவலாயிற்று.

பலர் பேசும் அழைப்பிலும் கழித்தல்தான். எல்லார் குரலையும் கூட்டி, அவரவர் குரலை மட்டும் கழித்து அவரவருக்கு அனுப்ப வேண்டும். பத்துப் பேர் என்றால் பத்து வெவ்வேறு கூட்டுத்தொகை. ஒவ்வொன்றிலும் ஒன்பது குரல். கழிக்காவிட்டால் அவரவர் பேச்சு அவரவர் காதிலேயே தாமதமாக விழும்.

இன்று மிச்சமிருப்பது அறையின் எதிரொலி. ஸ்பீக்கரில் வருவது மைக்கில் புகுகிறது. அதையும் உங்கள் கைபேசியே கழிக்கிறது. சத்தம் மிஞ்சினால் அதற்கும் திணறல்தான்.

ஒன்று நினைவில் வையுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே திரும்பிக் கேட்டால், பெரும்பாலும் கோளாறு உங்கள் போனில் இல்லை, எதிர்முனையில். அவரை ஸ்பீக்கரைக் குறைக்கவோ, ஹெட்போன் போடவோ சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் பேசும்போது அவசரமாக மியூட் போடாதீர்கள். உங்கள் 'உம்' அவர்களுக்குக் கேட்கட்டும்.