உலோகக் கண்ணாடியும் ஓயாத அணுக்களும்



திடப்பொருளின் துகள்கள் தத்தம் இடத்திலேயே அதிர்கின்றன, இடம்பெயர்வதில்லை என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். தொடக்க நிலைக்கு அது போதும். ஆனால், கண்ணாடியைப் பற்றி ஒரு மாணவன் வினவினால் என்ன சொல்வது? பழைய தேவாலயங்களின் சன்னல் கண்ணாடி மெல்ல வழிந்து அடிப்பகுதி தடித்துவிட்டது என்னும் கதையைப் பலர் சொல்வதுண்டு. அது தவறு. அறைவெப்பத்தில் அவ்வாறு வழிவதற்குப் பேரண்டத்தின் வயதும் போதாது என்று பிரேசில் அறிஞர் எட்கார் சனோட்டோ 1998-இல் கணக்கிட்டுக் காட்டினார். அக்காலத்துக் கைவினைக் கண்ணாடி செய்யும்போதே சீரற்ற தடிமனுடன்தான் அமைந்தது.

அப்படியானால் கண்ணாடிக்குள் எந்த அசைவும் இல்லையா? உண்டு. அதை உணர்த்தியவர் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் ஜூல். வெப்பத்தை நுட்பமாக அளப்பதே அவர் ஆய்வின் உயிர்நாடி. வெப்பமானி பிழைபட்டால் முடிவும் பிழைபடும். ஆகவே, 1844 முதல் 1882 வரை 38 ஆண்டுகள் ஒரே வெப்பமானியின் சுழிப் புள்ளியைக் குறித்து வந்தார். அது பாரன்ஹீட் அளவில் ஏறத்தாழ 1 பாகை உயர்ந்திருந்தது. பாதரசம் மாறவில்லை, அதைத் தாங்கிய கண்ணாடிக் குமிழே மெல்லச் சுருங்கியிருந்தது.

காரணம் எளிது. குழம்பு குளிரும்போது அணுக்கள் ஒழுங்காக அடுக்கி அமையக் காலம் வேண்டும். அக்காலம் கிட்டாவிடில் கலைந்த நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. பின்னர்ச் சிறிது சிறிதாக நெருங்கி அமைகின்றன. இதனையே தளர்வு என்கிறோம். 1854-இல் செருமானிய அறிஞர் ருடால்ஃப் கோல்ராவுஷ், லெய்டன் சாடியின் கண்ணாடியில் எஞ்சிய மின்னூட்டம் எளிய விதியின்படி குறையாமல் நெடுங்காலம் இழுபட்டுக் குறைவதைக் கண்டார். அவர் வகுத்த சூத்திரமே இன்றும் கண்ணாடிகளின் தளர்வை விளக்கப் பயன்படுகிறது.

உலோகங்கள் படிகமாகும் விரைவு மிகுதி. எனவே, அவற்றைக் கண்ணாடியாக்குவது அரிதாயிருந்தது. 1960-இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவெஸ், கிளெமென்ட், வில்லென்ஸ் ஆகியோர், நான்கில் மூன்று பங்கு அணுக்கள் தங்கமும் ஒரு பங்கு சிலிக்கனும் கொண்ட குழம்பை, வினாடிக்குப் பத்து இலட்சம் பாகை என்னும் அளவிலான வேகத்தில் குளிர்வித்து அதைச் சாதித்தனர். 1993-இல் அதே கழகத்தில் பெக்கரும் ஜான்சனும் சிர்க்கோனியம் முதலான ஐந்து தனிமங்களைக் கலந்து, வினாடிக்கு 10 பாகை அளவிலேயே குளிர்வித்துத் தடித்த கண்ணாடித் தண்டுகளை உருவாக்கினர்.

தளர்வு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. மின்மாற்றிகளின் உள்ளகத்திற்கு இரும்பு கலந்த உலோகக் கண்ணாடி நாடாக்கள் பயன்படுகின்றன. அளவாகச் சூடேற்றினால் உள்ளிறுக்கம் தணிந்து காந்தப் பண்பு மேம்படும். ஆனால், நாடா நொறுங்கும் தன்மையும் பெறும். ஒரே தளர்வு நன்மையும் தருகிறது, தீமையும் தருகிறது.

பிரான்சின் கிரெனோபிள் நகரில் பியாட்ரிஸ் ரூட்டா குழுவினர் மக்னீசியம், செம்பு, இட்ரியம் கலந்த கண்ணாடியை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். உறைந்த நிலையிலும் அணுக்களின் அமைப்பு மாறிக்கொண்டே இருந்தது. அதுமட்டுமன்று, மாற்றத்தின் போக்கு கோல்ராவுஷ் கண்ட இழுபட்ட வடிவிற்கு நேர்மாறாக இருந்தது. குளிரும்போது சிறைப்பட்ட உள்ளிறுக்கம் விடுபடுவதே காரணமாகலாம் என அவர்கள் கருதினர்.

ஆகவே, "கண்ணாடி வழிகிறதா?" என்று மாணவன் கேட்டால், "வழியவில்லை, ஆயினும் அதன் அணுக்கள் முற்றாக அடங்கிவிடவுமில்லை" என்று விடை கூறலாம். கூடவே, ஒரு பாகை மாற்றத்தை அறிய 38 ஆண்டுகள் காத்திருந்த ஜூலின் கதையையும் சொல்லுங்கள். அறிவியல் பாடத்தில் முடிவைக் காட்டிலும் அதை அடைந்த பொறுமையே மாணவர் மனத்தில் நெடுநாள் நிற்கும்.