பொதிகையில் அசைந்த காந்த ஊசி

எட்மன்டனில் இருக்கிறேன் என்றாலே ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அரோரா பார்த்தாச்சா?" கேபி 6 என்று அலர்ட் வந்தால், உறைகிற குளிரிலும் காரைக் கிளப்பும் கூட்டத்தில் நானும் உண்டு. ஆனால் அந்த அலர்ட்டின் பூர்வீகத்தில் நம் பொதிகைமலையும் இருக்கிறது என்றால் என் பிள்ளைகளே நம்ப மறுக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துராவிலிருந்து போனக்காடு வழியாக ஏறினால் அகத்தியர்கூடம். உயரம் 1868 மீட்டர். தமிழ்முனி வாழ்ந்ததாக நாம் சொல்லும் அதே மலை.

சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் தொடங்கினார். முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். அவருக்குப்பின் 1852-ல் வந்தவர் ஜான் ஆலன் ப்ரௌன், ஸ்காட்லாந்தில் காந்த ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்தியவர். அரோரா தெரியும் சீமையை விட்டு, அது தலைகாட்டாத நம் ஊருக்கு வந்தார்!

பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகத்தான் போகிறது. அங்கே ஊசி எப்படி ஆடுகிறது என்று பார்க்கவேண்டும். கீழே ஒரு கூடம் போதாதென்று, உயரம் கூடினால் கணக்கு மாறுமா என்று அறிய அகத்தியர் மலையிலும் ஒன்று கட்டினார். யானைக்காடு, விடாத மழை... உள்ளூர் உதவியாளர்களைப் பழக்கி ஊசியின் அசைவைக் குறிக்கவைத்தார்.

பல வருட ஏட்டைக் கூட்டிப் பார்த்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, காந்தவிசையின் ஏற்ற இறக்கம் உலகின் பல மூலைகளில் ஒரே சமயத்தில் நடக்கிறது. இரண்டு, அது சுமார் 26 நாளுக்கொருமுறை திரும்பி வருகிறது. ப்ரௌன் கைகாட்டியது தன்னைத்தானே சுற்றும் சூரியனை. 1878-ல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் தந்தது.

இன்றைய கேபி எண்ணும் அதே ஊசிக்கணக்கின் பேரப்பிள்ளைதான். பல நாட்டு ஆய்வுக்கூடங்களின் அளவைச் சேர்த்து, 3 மணிக்கொருமுறை 0 முதல் 9 வரை மதிப்பிடுகிறார்கள். கடைசி நேர எச்சரிக்கை, சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. கையில் கிடைப்பது ஒரு மணி நேரம், சிலசமயம் அதிலும் குறைவு.

2024 மே 10-ல் கேபி 9 தொட்டபோது லடாக்கின் ஹான்லேயிலேயே வானம் சிவந்தது. அப்படிப்பட்ட வெடிப்புப் புயல் சொல்லிவைத்துத் திரும்பாது. ஆனால் சூரியனின் கரோனா ஓட்டையிலிருந்து வரும் காற்றால் உண்டாவது பலமுறை திரும்பும். அப்படி ஒன்று பார்த்தால் காலண்டரில் 27 நாள் தள்ளி ஒரு வட்டம் போடுங்கள். யார் சொன்ன கணக்கு என்று பிள்ளைகள் கேட்டால், பொதிகைமலைக் கணக்கு என்று சொல்லுங்கள்.