கன்று புகுந்ததா, தேர் ஏறிற்றா?

திருவாரூர் வீதியில் சோழ இளவரசனின் தேர்க்காலில் ஒரு பசுங்கன்று அகப்பட்டு மாண்ட கதையை அறியாத தமிழர் இலர். மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனின் நீதியை வியந்து வியந்து பேசும் நாம், அதே கதையில் வரும் அமைச்சனின் சாதுரியத்தை மட்டும் கவனிக்கத் தவறிவிடுகிறோம். ஆராய்ச்சி மணியோசை கேட்டுப் பதறி வந்த அரசனுக்கு நடந்ததை எடுத்துரைக்க நேர்ந்த அவ்வமைச்சன், 'தங்கள் குமாரன் தேரை ஏற்றிக் கன்றைக் கொன்றான்' என்று சொல்லவில்லை. இளவரசன் தானை சூழத் தேரூர்ந்து போகையில் இளங்கன்று ஒன்று சக்கரத்தினிடையே புகுந்து இறந்தது என்று, வினை முழுவதையும் கன்றின் தலையிலேயே சுமத்திச் சொன்னதாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் அமைத்திருக்கிறார். வாகன விபத்தில் பிழை யாருடையது என்று தீர்மானிக்கும் வியவகாரத்தை இலக்கணக்காரர் நோக்கில் பார்த்தால், வாக்கியத்துக்கு எழுவாய் யார் என்ற சண்டைதான் அது.

இன்று நம் நியாயஸ்தலங்கள் கையாளும் விதிகளோ திருவாரூரில் பிறந்தவை அல்ல. மோட்டார் வண்டி என்ற ஒன்று மனிதர் கனவிலும் தோன்றாத காலத்தில், இங்கிலாந்தின் குதிரைச் சாலைகளில் அவை உருவாயின. டார்பி நகரில் ஒருவர், தம் வீட்டைச் செப்பனிடும்பொருட்டுச் சாலையின் ஒரு பகுதியை அடைத்து ஒரு கழியைக் குறுக்கே வைத்திருந்தார். ஆகஸ்டு மாதத்து மாலை எட்டு மணி. வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றத் தொடங்கும் நேரம். ஆயினும் நூறு கஜ தூரத்திலுள்ள தடையைக் கண்டுகொள்ளும் அளவுக்கு வெளிச்சம் எஞ்சியிருந்தது. அருகிலிருந்த மதுச்சாலையிலிருந்து புறப்பட்டு வந்த இன்னொருவர், குதிரையைக் கடும் வேகத்தில் விரட்டிவந்து, அந்தக் கழியில் மோதிக் குதிரையோடு விழுந்து பலத்த காயமுற்றார். அவர் குடித்திருந்தார் என்பதற்குச் சாட்சியம் இல்லை. 1809-இல் அவர் தொடுத்த வழக்கு தோற்றது. சாலையை மறித்தவன் செய்தது தவறேயானாலும், சாதாரண ஜாக்கிரதை இருந்தால் தப்பியிருக்கக் கூடியவன் நஷ்டஈடு கேட்க முடியாது என்று எல்லன்பரோ பிரபுவின் நீதிமன்றம் முடிவு கூறிற்று. ஆக, அடிபட்டவனிடம் துளிப் பிழை இருந்தாலும் அவனுக்குச் சல்லிக்காசும் கிடையாது என்பதே விதியாயிற்று. எளிய விதிதான், ஆனால் கொடிய விதி.

அதன் கொடுமையைத் தணிக்க ஒரு கழுதை சாக வேண்டியிருந்தது. 1842-இல் தீர்ப்பான வழக்கு அது. முன்னங்கால்கள் பிணைக்கப்பட்ட ஒரு கழுதை, எட்டு கஜ அகலமுள்ள பொதுச்சாலையின் ஓரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. மூன்று குதிரைகள் பூட்டிய பாரவண்டி ஒன்று சிறிய இறக்கத்தில் சுறுசுறுப்பாகவே இறங்கி வந்தது. வண்டிக்காரனோ குதிரைகளுக்குச் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தான். காலைப் பிணைத்துக் கழுதையைப் பொதுச்சாலையில் விட்டவன் தவறு செய்தவன்தானே, அவனுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று பிரதிவாதி வாதாடினார். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. வழியில் கிடக்கும் கழுதையின்மேல் வண்டியை ஏற்றலாம் என்றால், வழியில் உறங்கும் மனிதன்மேலும் ஏற்றலாம் என்றாகிவிடும் அல்லவா என்ற போக்கில் சென்றது அவர்கள் நியாயம். விபத்தைத் தவிர்க்கும் கடைசிச் சந்தர்ப்பம் யாரிடம் இருந்ததோ அவனே பொறுப்பாளி என்ற கொள்கை இக்கழுதையின் பெயரால்தான் சட்டப் புத்தகங்களில் நிலைபெற்றது. கழுதைக்கு இவ்வளவு கீர்த்தி வேறெங்கும் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

வண்டிகள் தாமாகவே ஓடத் தொடங்கியதும் 'கடைசிச் சந்தர்ப்பம்' என்பது ஒரு கணத்தின் பின்னமாகச் சுருங்கிற்று. 1896 ஆகஸ்டு 17 அன்று லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில், மகளோடும் தோழியோடும் நடந்துகொண்டிருந்த பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற 44 வயது மாது மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார். மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓட்டவில்லை என்றான் ஓட்டியவன். தீயணைப்பு வண்டிபோலப் பாய்ந்து வந்தது என்றது ஒரு சாட்சி. ஒரே வண்டி, ஒரே நிமிஷம், இருவேறு வேகம்! ஆறு மணி நேரம் நடந்த மரண விசாரணையின் முடிவில் ஜூரிகள் தற்செயலான மரணம் என்று எழுதிக் கலைந்தார்கள். அந்த வாக்கியத்தில் எழுவாய்க்கே இடமில்லாமல் போயிற்று.

கடலில் மோதிய கப்பல்களுக்கு அவரவர் பிழையின் அளவுக்கேற்ப நஷ்டத்தைப் பங்கிடும் சட்டம் 1911-லேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. தரையில் மோதிய மனிதர்களுக்கு அதே நியாயம் கிட்ட 1945 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த 1945-ஆம் வருஷத்துச் சட்டம் நம் தேசத்தில் இயற்றப்படாவிட்டாலும், அதன் தத்துவத்தை நம் நீதிமன்றங்கள் தமதாக்கிக்கொண்டன.

நம் ஊரில் விபத்து நடந்த இடத்தில் முதலில் கூடுவது சட்டமன்று, ஜனங்கள். சைக்கிளும் மோட்டாரும் மோதினால் மோட்டார்க்காரன்மேல் பிழை, மோட்டாரும் லாரியும் மோதினால் லாரிக்காரன்மேல் பிழை என்று அவர்கள் வைத்திருக்கும் சாஸ்திரம் மிகப் பழமையானது. பிறகு போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் பேனாவைத் திறக்கிறார். 2024 வரை அமலில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870-இல் நுழைந்த 304-ஏ பிரிவின் சொற்கள், அவர் கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற வாய்பாடாகிவிட்டன. ஆமைபோலப் பின்னால் நகர்ந்த லாரி இடித்தாலும் முதல் தகவல் அறிக்கையில் அது அதிவேகமாகவே வந்திருக்கும். அப்புறம் ஸ்தல மகஜர், டயர் தேய்ந்த தடத்தை அளந்து காட்டும் வரைபடம்; இவற்றுக்குப் பின்னே, ஜனங்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் வருவார். பிரேக்கை அழுத்திப் பார்த்து, நசுங்கிய பாகங்களை வரிசையாகக் குறித்து, விபத்து இயந்திரக் கோளாறினால் நேர்ந்ததன்று என்று அவர் எழுதும் கடைசி வரி, இரும்பை விடுவித்து மனிதனைக் கட்டிவைக்கும் வரி.

மூன்றாம் நபருக்காக இன்ஷூரன்ஸ் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம், 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தும் 1946 ஜூலை முதல் தேதியில்தான் அமலுக்கு வந்தது. சிவில் கோர்ட்டில் ஸ்டாம்பு கட்டி அலைந்த விதவைகளுக்காக, 1956-இன் திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. வழி குறுகிற்றேயன்றி, கேள்வி மாறவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 1980-இல் முடிவான வழக்கு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. இருட்டிய பிறகு சென்றுகொண்டிருந்த பஸ் ஒன்று, தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது. பாதிக்கப்பட்டோர் 26 பேர். அவர்களில் 8 பேர் அந்த இடத்திலேயே மாண்டனர். முன்னே கம்பி தொங்குவதைக் கண்டு பிரயாணிகள் அலறியும் டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை என்று தீர்ப்பாயம் கண்டது. ஆனால் கிரிமினல் கோர்ட்டு, இது தெய்வச் செயல் என்று சொல்லி அவரை விடுதலை செய்துவிட்டிருந்தது. எழுவாய் ஸ்தானத்தில் ஈசுவரனையே அமர்த்திவிட்டார்கள்! இச்சொற்களை எடுத்துக்காட்டிய நீதிபதி கிருஷ்ணய்யர் அவற்றின் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியைப் போட்டுவிட்டு மேலே சென்றார். தண்டனை வழக்கில் விடுதலை கிடைத்தது நஷ்டஈட்டுக்குத் தடையாகாது என்றும், இங்கொரு சந்தேகம் அங்கொரு மயக்கம் என்று காட்டி டிரைவரும் சொந்தக்காரரும் நழுவிவிடாதபடி தீர்ப்பாயங்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்றும் எழுதினார்.

ஆனால் பிழையை நிரூபிக்காமல் பணம் இல்லை என்று அதே நீதிமன்றம் 1977-இல் உறுதியாகச் சொல்லியிருந்தது. இரவில், தனிச்சாலையில், பார்த்தவர் எவருமின்றி மாண்டவனுக்காக யார் வந்து பிழையை நிரூபிப்பது? 1982-இல் பார்லிமெண்ட், மோட்டார் வாகனச் சட்டத்தில் 92-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மரணத்துக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். கேட்பவர் எவருடைய பிழையையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனத்தின் உபயோகத்தினால் விளைந்த விபத்து என்ற அளவில் அதன் வாக்கியம் நின்றுவிடுகிறது. ஓட்டியவன் இல்லை, குறுக்கே புகுந்தவன் இல்லை, தெய்வமும் இல்லை.

தொகை அவ்வப்போது உயர்ந்து, 2019-இன் திருத்தத்தால் மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் ஆகியிருக்கிறது. இறந்தவன் நல்ல சம்பளக்காரனாக இருந்து, அவன் குடும்பம் அதற்குமேல் கேட்க விரும்பினால், பிழையை நிரூபித்தாக வேண்டிய, இன்றைய மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின் வாசலுக்கு அவர்கள் போக வேண்டும். அங்கே முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்பார்கள். அதில் ரைட்டர், அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்தது எந்த வண்டி என்று எழுதியிருக்கிறார் என்பதைத்தான் வக்கீல் முதலில் விரல் வைத்துப் படிக்கிறார்.