புள்ளி போட்ட பிள்ளைகள்

1971இல் வந்த வில்லி வொங்கா படத்தைப் பார்த்த பிள்ளைகள், வீட்டிலும் பூரணம் வைத்த சொக்லட் செய்வோமா என்று கேட்பார்கள். உருக்கிய சொக்லட்டை அச்சில் ஊற்றிக் கவிழ்த்தால் மெல்லிய ஓடு தங்கும். அது இறுகியதும் பூரணம் வைத்து, மேலே சொக்லட்டால் மூட வேண்டும்.

இதற்கொரு வரலாறு உண்டு. 1857இல் பிரசல்ஸ் நகரில் ஜோன் நொய்ஹவுஸ் மருந்துக்கடை திறந்தார். கசப்பு மருந்துக்குச் சொக்லட் பூசிக் கொடுத்தார். 1912இல் அவருடைய பேரன், மருந்து இருந்த இடத்தில் இனிப்புப் பூரணத்தை வைத்தார். பெல்ஜியத்தின் புகழ்பெற்ற 'பிரலின்' அப்படித்தான் பிறந்தது.

படத்தின் மூலக்கதையை 1964இல் வெளியிட்டவர் றோல்ட் டால். அவர் இங்கிலாந்தின் றெப்டன் பாடசாலை விடுதியில் படித்தபோது, கட்பரி கொம்பனி புதுச் சொக்லட்டுகளை மாணவர்களுக்கு அனுப்பியது. ருசித்துப் புள்ளி போட்டு, காரணமும் எழுத வேண்டும். அப்போது அந்தச் சிறுவன் மனதில் கற்பனை செய்த சொக்லட் ஆய்வுகூடமே, பல வருடங்களின் பின் கதையானது.

பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டே பழகியவர்கள் நாங்கள். பிள்ளைகளிடம் புள்ளி கேட்டதால் விளைந்த கதை இது. குசினியில் சொக்லட் சிந்தினால் ஏசாதீர்கள். "ருசி எப்படி, ஏன்?" என்று கேளுங்கள்.