இளங்கலைப் பாடத்திட்டத்தில் ‘இந்திய மெய்யியல்’ தாள்: ஒரு வரலாற்று நோக்கு

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்றிடங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அவற்றில் மெய்யியல் என்ற பெயரில் இளங்கலை மாணவருக்கு வகுக்கப்பட்டது பெரிதும் ஐரோப்பிய அளவையியலும் அறவியலும் உளவியலும் ஆகும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற ச. இராதாகிருஷ்ணன், வேதாந்தத்தின் அறவியல் குறித்து எழுதிய முதுகலை ஆய்வேடு 1908இல் வெளிவந்தது. வேதாந்தத்தில் அறத்திற்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டிற்கு விடையாக எழுந்த அந்நூல், வகுப்பறைப் பாடத்தின் விளைவு என்பதைவிட அதன் குறையால் விளைந்தது எனலாம்.

இந்திய மெய்யியல் தனித்தாளாக வேண்டுமாயின் அதற்கேற்ற நூல்கள் தேவைப்பட்டன. சுரேந்திரநாத் தாஸ்குப்தாவின் வரலாற்று நூலின் முதல் தொகுதி 1922இலும், இராதாகிருஷ்ணனின் இரு தொகுதிகள் 1923, 1927 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தன. இவை இளங்கலை மாணவருக்கு மிகப் பெரியவை. அவ்விடத்தை நிரப்பியவை, மைசூர்ப் பல்கலைக்கழக விரிவுரைகளிலிருந்து உருவான ஹிரியண்ணாவின் நூலும் (1932), கல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சதீஷ்சந்திர சட்டர்ஜி, தீரேந்திரமோகன் தத்தா ஆகியோரின் அறிமுக நூலும் (1939) ஆகும். பின்னது சார்வாகம், சமணம், பௌத்தம், நியாயம், வைசேடிகம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம் என ஒன்பது தரிசனங்களை வரிசைப்படுத்தியது. பல பல்கலைக்கழகங்களில் தாளின் அலகுகள் இவ்வரிசையையே பின்பற்றின. பாடத்திட்டத்திற்கு நூல் என்ற முறை மாறி, நூலின் பொருளடக்கமே பாடத்திட்டமாயிற்று.

இவ்வொன்பது என்னும் கணக்கு மரபால் உறுதிசெய்யப்பட்ட ஒன்றன்று. எட்டாம் நூற்றாண்டினராகிய அரிபத்திரர் தொகுத்த ஆறு தரிசனங்களுள் வேதாந்தத்திற்குத் தனியிடம் இல்லை. பதினான்காம் நூற்றாண்டு மாதவரின் சர்வதரிசன சங்கிரகம் பதினாறு கூறும். அவற்றுள் சைவம், பாசுபதம், பிரத்தியபிஞ்ஞை ஆகியனவும் அடங்கும். இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1882இலேயே கிடைத்தது. எனவே விடுபாட்டிற்கு அறியாமை காரணமன்று. தொடக்க நிலை மாணவருக்கான சுருக்கம் நாளடைவில் முழுமையாகக் கொள்ளப்பட்டது என்பதே பொருந்தும்.

தமிழ் மூலங்கள் இச்சுருக்கத்தில் முற்றிலும் மறைந்தன. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ வஞ்சி நகரில் பல்சமயத்தார் தம் கொள்கைகளைத் தாமே எடுத்துரைப்பதாக அமைந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு கொள்கைகளைக் கூறி மறுக்கிறது. மறுப்பதற்கேனும் ஆசீவகத்தை நினைவில் வைத்திருந்த இந்நூலைவிட இருபதாம் நூற்றாண்டின் பாடநூல் குறுகியது என்பது நோக்கத்தக்கது. தாஸ்குப்தாவின் ஐந்தாம் தொகுதி தென்னகச் சைவப் பிரிவுகளுக்கெனவே அமைந்தது. எனினும் அது வெளிவந்த 1955இல் வகுப்பறையின் வரிசை இறுகிவிட்டிருந்தது.

அளவையியலிலும் இந்நிலையே. இந்திய அளவையியலுக்கு அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம் பரவலாகப் பாடமாயிற்று. பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றின் போலிகளை வகைப்படுத்தும் மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையோ தமிழ் இலக்கிய வகுப்பிற்கு ஒதுங்கியது. அங்கும் அது காப்பியச் சுவைக்கு இடையூறு எனக் கருதிக் கடந்து செல்லப்படுவதே மிகுதி. நியாயப்பிரவேசத்தோடு இக்காதைக்குள்ள நெருக்கம் அறிஞரிடையே நெடுநாள் விவாதிக்கப்பட்டது. அவ்விவாதம் மெய்யியல் மாணவரை எட்டவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வகுத்த விருப்பத்தேர்வு முறை, சிறப்புநிலை இளங்கலைக்குப் பதினான்கு முதன்மைத் தாள்களைக் காட்டியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டுப் பட்டத்திற்கு வழி திறந்தது. இடமின்மை என்ற பழைய காரணம் இதனால் வலுவிழக்கிறது. எஞ்சுவது மொழித்தடை பற்றிய வாதம். கல்கத்தாவிலோ தில்லியிலோ பயிலும் மாணவர் தமிழறியார் என்பது உண்மையே. ஆயின் அம்மாணவருள் பெரும்பாலோர் நியாய சூத்திரத்தையும் சங்கரர் உரையையும் மொழிபெயர்ப்பின் வழியாகவே பயில்கின்றனர். மணிமேகலைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் உள்ளன.